பூட்டியின் பெயர்

ஜொகூர் பாருவில் என் தங்கை மகளுக்குச் சென்ற மாதம் ஒரு பெண் மகவு பிறந்தது. மூன்றாம் நாளே, குழந்தைக்கு ‘ஜெனிவீவ்’ என்று நாமகரணம் செய்யப்போவதாக அவள் பிரஸ்தாபித்ததும், சொத்துப் பங்கீட்டின்போதுகூடத் தலைகாட்டாத அபிப்பிராய பேதங்களெல்லாம் எங்கள் குடும்பத்தில் ஒருங்கே எழுந்துவிட்டன. வாயில் நுழையாத பரங்கிப் பெயர் என்றார்கள் மாமியார் வீட்டார்; பிரெஞ்சுக்காரர்களே கைவிட்டுவிட்ட கிழட்டுப் பெயரை நாம் ஏன் பொறுக்கியெடுக்க வேண்டும் என்றாள் கோலாலம்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த சித்தி; எண்கணிதம் தெரிந்த பெரியவர் ஒருவர் எழுத்துக்களைக் கூட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். என்னையும் கேட்டார்கள். வீட்டில் சொல்லி ஆறவில்லை. ஆகையால் இங்கும் எழுதுகிறேன்.

பரங்கிப் பெயர் என்ற ஆட்சேபத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். குழந்தையின் பூட்டி, லாபிஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிப் பிழைத்தவள். அவள் பெயர் ஜெனோவம்மாள். அவள் பிறந்த காலத்தில் ஜொகூரில் ஞானஸ்நானம் கொடுத்துவந்தவர்கள் பெரும்பாலும் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருமார்கள். ஜொகூர் பாருவின் கிரெஜா சாலையில் 1883ஆம் ஆண்டு முதல் நிற்கும் அமலோற்பவ மாதா கோவிலும் அவர்களுடைய கைங்கரியமே. லத்தீனில் ஜெனொவேபா, பிரெஞ்சில் ஜெனிவீவ், தமிழில் ஜெனோவா. ஒரே பெயர், மூன்று உடை. ஆகவே என் தங்கை மகள் புதிதாக ஒன்றை இறக்குமதி செய்யவில்லை. வீட்டுப் பரணில் கிடந்ததை, அது என்னவென்று முழுக்கத் தெரியாமலே, கீழே இறக்கியிருக்கிறாள்.

அந்தப் பெயரோடு நமக்கு இருந்த சம்பந்தம் கோவிலோடு நின்றதா என்றால், அதுவுமில்லை. 1953இல் வெளிவந்த ‘ஜெனோவா’ படத்தை, எம்.ஜி.ஆரும் பி.எஸ். சரோஜாவும் நடித்த அதை, வயதான வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது தமிழிலும் மலையாளத்திலும் எடுக்கப்பட்ட படம். அதற்கு வெகுகாலம் முன்பே கேரளக் கடற்கரையின் சவிட்டு நாடகத்தில், தமிழ் கலந்த பாஷையில், இக்கதை ஆடப்பட்டு வந்தது. கணவன் யுத்தத்துக்குப் போன சமயத்தில் காரியஸ்தன் ஒருவனுடைய துராசைக்கு இணங்காததால் கற்பிழந்தவள் என்று பழிசுமத்தப்பட்டு, கைக்குழந்தையோடு வனத்தில் விடப்பட்டு, மான் ஒன்றின் பாலால் மகனைக் காப்பாற்றிப் பல வருஷங்களுக்குப்பின் மாசற்றவள் என்று நிரூபணமாகும் பிரபந்த் நாட்டுச் சீமாட்டியின் அந்தக் கதையைக் கேட்கும் எந்தத் தமிழனுக்குத்தான் வால்மீகி ஆசிரமத்துச் சீதை நினைவுக்கு வரமாட்டாள்? (பாரிஸ் நகரத்தின் காவல் புனிதை ஜெனிவீவ் வேறு, அவள் ஐந்தாம் நூற்றாண்டினள், அட்டிலா படையெடுத்து வந்தபோது நகரத்தாரை ஓடாதிருக்கச் செய்தவள். இருவரையும் ஒருவராக்கிக் குழப்புகிறவர்கள் என் உறவினர்களிலும் உண்டு.)

தமிழுக்கு அந்நியப் பெயரை ஜீரணிக்கும் சக்தி குறைவென்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பேதுருவை இராயப்பராகவும் பவுலைச் சின்னப்பராகவும் ஆக்கிக்கொண்ட பாஷை இது. வீரமாமுனிவர் சூசையப்பரை ‘வளன்’ என்றே தேம்பாவணியில் உலவவிட்டார். இவற்றையெல்லாம்விட எனக்கு விசேஷமாகப் படுவது லூர்து. அது ஒரு மனுஷியின் பெயரன்று. 1858இல் பெர்னதெத் என்ற ஏழைப் பெண் மாதாவின் காட்சி கண்டதாகச் சொன்ன பிரெஞ்சு மலையூரின் பெயர். கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் கட்டிமுடிக்கப்பட்ட கோவிலுக்கு அப்பெயர் போயிற்று. பின்னர் லூர்துமேரி, லூர்தம்மாள், லூர்துசாமி என்று ஓர் ஊர் முழுவதும் நம்முடைய தோட்டத்து லயங்களுக்குள் குடியேறிவிட்டது. லூர்துமேரியைப் பரங்கிப் பெயர் என்று எந்த மாமியாரும் இன்று சொல்லமாட்டாள்.

கிழட்டுப் பெயர் என்ற சித்தியின் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. பிரான்சில் ஜெனிவீவ் என்றால் இன்று எண்பது, தொண்ணூறு வயதுப் பாட்டிமார்தான். 1803ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அங்கே நாட்காட்டியில் உள்ள புனிதர் பெயரையோ பழைய சரித்திர புருஷர் பெயரையோதான் குழந்தைக்கு இடலாம் என்றிருந்தது. 1993இல் அக்கட்டு முற்றிலும் தளர்ந்தபின் ஜனங்கள் மனம்போல் பெயரிட்டார்கள். அப்படிச் சுதந்திரம் வந்தபின்பும் லூயிஸ், ஜான் முதலான பாட்டிப் பெயர்களைத் தாங்களாகவே தேடி எடுத்தார்கள் என்பது வேடிக்கை. ஜெனிவீவின் முறை இன்னும் வரவில்லை. ஆனால் நாஜிகளின் சிறைமுகாமிலிருந்து மீண்டு ஏழைகளுக்காக உழைத்த ஜெனிவீவ் தெ கோல், 2015இல் பாரிஸின் பாந்தியோனில் கௌரவிக்கப்பட்டாள். அந்தப் பாந்தியோனோ ஆதியில் புனித ஜெனிவீவுக்கென்று கட்டப்பட்ட கோவில். இப்படிப்பட்ட முதுமையில் அவமானம் என்ன இருக்கிறது? ஷகரமும் ஸகரமும் இருந்தால் போதும், அர்த்தம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இந்நாளில் பிறக்கும் பெயர்களைவிட, சித்தி மன்னிக்கவேண்டும், ஒரு கிழவியின் பெயர் எனக்கு உகந்தது.

என் ஆட்சேபம் எழுத்துக்கூட்டலில்தான். மலாய் மொழியில் ரோமன் ‘ஜி’ எங்கும் ககரமாகவே ஒலிக்கும்; பிரெஞ்சு முறைப்படி எழுதி வைத்தால், கிளினிக்கில் தாதி குழந்தையைக் ‘கெனெவியெவே’ என்று அழைக்க, தாய் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பாள். நான் சென்ற வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது, அடுத்த வீட்டு மலாய் அம்மாள் தொட்டிலண்டை நின்று, காகிதத்தில் எழுதியிருந்த அந்தப் பெயரை இரண்டு தடவை முயன்று பார்த்து, மூன்றாம் தடவை சிரித்துவிட்டு, ‘நோவா’ என்று குழந்தையைக் கொஞ்சினாள்.

ஆகவே பதிவில் ‘ஜே’ போட்டு ஜெனோவா என்றே எழுதச் சொன்னேன். அதற்கு என் தங்கை மகள் உள்ளேயிருந்து ஒரு பழுப்பேறிய அடையாள அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்ததைச் செக்ரோலில் எழுத, அதைப் பார்த்து அரசாங்கத்தார் எழுத, பூட்டியின் பெயர் அதில் ‘சின்னவம்மா’ என்றிருந்தது. “அவங்க பேர அவங்களுக்கே யாரும் சரியா எழுதிக் கொடுக்கல மாமா,” என்றாள். பாரத்தில் பெயருக்குரிய கட்டம் நான் புறப்படும்வரை காலியாகவே இருந்தது.