மறதி நோய்க்குக் குளிசை எப்போது வரும்?

‘அம்மாவின் மறதிக்குப் புதுக் குளிசை வந்திட்டுதாமே டொக்டர்?’ என்று எம்மவர்கள் பத்திரிகைத் துண்டுடன் வருவது எமக்குப் பழகிவிட்டது. ஆசை நியாயமானதே. ஆனால் அந்தச் செய்திகள் சொல்லாமல் விடுவதை நாம் சொல்லியாக வேண்டும்.

அல்ஸைமர் நோயில் அமிலோயிட் என்னும் புரதத் துண்டுகள் மூளையில் படிகின்றன. ஒரு பெரிய புரதத்தை இரண்டு நொதியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டுவதால் வருபவை இவை. முதலில் வெட்டும் பேஸ்-1 நொதியம் 1999இல் கண்டறியப்பட்டது. அந்த வெட்டு இயல்பாகவே குறைவாக நடக்கும் மரபணு மாற்றமுள்ளோரை இந்நோய் அதிகம் தாக்குவதில்லை என ஐஸ்லாந்து ஆய்வொன்று 2012இல் காட்டியது. அப்படியானால் நொதியத்தைத் தடுத்தால் போதும் என்றே பலரும் நம்பினார்கள்.

நடந்தது வேறு. இரண்டாவது நொதியத்தைத் தடுத்த செமகசெஸ்டாட் ஆய்வு 2010இல் நிறுத்தப்பட்டது. மருந்து எடுத்தவர்களின் நிலை, வெற்றுக் குளிசை எடுத்தவர்களை விட மோசமானது. தோல் புற்றுநோயும் கூடியது. பேஸ்-1ஐத் தடுத்த வெருபெசெஸ்டாட் ஆய்வுகள் 2017இலும் 2018இலும் நின்றன. அமிலோயிட் குறைந்தது உண்மை. நினைவாற்றலோ மேம்படவில்லை, ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்குச் சற்றுக் குறையவும் செய்தது.

ஏனெனில் இந்த நொதியங்களுக்கு வேறு வேலைகளும் உண்டு. நரம்பைச் சுற்றியுள்ள உறை உருவாக உதவும் ஒரு புரதத்தையும் பேஸ்-1தான் வெட்டிக் கொடுக்கிறது. கெட்டதை நிறுத்தப் போனால் நல்லதும் நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் வீண்செலவு என்போருடன் நாம் உடன்படவில்லை. வெற்றுக் குளிசையுடன் ஒப்பிட்டுப் பார்த்திராவிட்டால், ஸ்கானில் அமிலோயிட் குறைந்ததை மட்டும் நம்பி இந்தக் குளிசைகளை நாமே எழுதிக் கொடுத்திருப்போம். அமெரிக்காவில் 2023இல் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் நொதியத்தைத் தடுப்பதில்லை; படிந்த அமிலோயிட்டை அகற்றுகிறது. அதுவும் நோயைச் சற்று மெதுவாக்குமே தவிர மாற்றாது. மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ வரலாம் என்பதால் ஸ்கான் எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

உங்கள் பெற்றோரை ஓர் ஆய்வில் சேரக் கேட்டால் பயந்து ஓட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடவும் வேண்டாம். இம்மருந்து வேறு எதைத் தடுக்கிறது, நினைவாற்றலை அளந்தார்களா அல்லது ஸ்கானை மட்டுமா என்று கேளுங்கள். நினைவாற்றல் சோதனை எந்த மொழியில் என்பதையும் கேளுங்கள். தமிழில் சிந்திக்கும் அம்மாவை ஆங்கிலத்தில் சோதித்தால் இல்லாத நோயும் இருப்பதாகத் தெரியும். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாமல், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள்.

அதற்கெல்லாம் முன்பு, ‘வயது போனால் மறதிதானே’ என்று வீட்டுக்குள் மறைக்காமல் வைத்தியரிடம் கூட்டி வாருங்கள். தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு இன்றே மருந்து இருக்கிறது.