அடிமுறையும் களரிப்பயிற்றும்

நம் சங்கரன்கோவிலினின்று மேற்றிசை நோக்குவார்க்கு நீலவரை போலத் தோன்றும் மலைத்தொடரின் இருமருங்கும் வழங்கிவரும் போர்க்கலைகளைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். 2020-ஆம் ஆண்டு பொங்கலையொட்டி வெளிவந்த ‘பட்டாஸ்’ என்னும் திரைப்படம் அடிமுறை என்னும் பெயரை இளைஞர் பலர் நாவில் ஏற்றியது. அடிமுறை மலையாளக் களரியின் தென்னாட்டுக் கிளையே என்பார் சிலர்; களரியே அடிமுறையினின்று கவரப்பட்டது என்பார் வேறு சிலர். முன்னது அறியாமை, பின்னது செருக்கு. இரண்டும் கலையை அருகிருந்து காணாதார் கூற்று என்பதே என் துணிபு.

வடமலையாளத்துக் களரியை முதற்கண் நோக்குவோம். நிலமட்டத்திற்குக் கீழே அகழ்ந்து, 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக அமைப்பதே அதன் மரபுவழிப் பயிற்சிக்கூடம். மாணவன் நெடுநாள் உடலை வளைத்தும் நீட்டியும் பழக்கும் மெய்ப்பயிற்சியிலேயே நிற்கின்றான். யானை, சிங்கம், குதிரை, மயில் முதலியவற்றின் பெயர் பூண்ட வடிவுகளில் உடல் நிலத்தோடு தாழ்ந்து, பின் பாய்ந்தெழும். அதன்பின் கோல், பின்னர் வாளும் கேடயமும். வெறுங்கைப் போர் இறுதியிலேதான்.

குமரி மாவட்டத்தும் அதனையடுத்த திருவிதாங்கூர்ப் பகுதியினும் வழங்கும் அடிமுறையோ, அவ்விறுதியைத் தன் முதலாகக் கொண்டுள்ளது. ஒற்றைச்சுவடு என்னும் வெறுங்கை அடிவைப்பே அதன் பால பாடம். குழி வேண்டா, வீட்டு முற்றமே போதும். உடல் பெரிதும் நிமிர்ந்து நிற்கும், பாய்ச்சல் குறைவு. அங்கே குருக்கள் எனப்படுபவர் ஈண்டு ஆசான். அங்கே பரசுராமரை முதற்குருவென்பர். இங்கே அகத்தியரை என்பர்.

வர்மத்தைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். வடக்கே சுசுருதரின் வடமொழி மருத்துவ நூலைத் தழுவி மர்மங்கள் 107 என்பர். தெற்கே வர்மங்கள் 108. அவற்றுட் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. ஒன்றுதானே வேறுபாடு என எள்ளுதல் கூடாது. தசை, நரம்பு, எலும்பு, மூட்டு என உறுப்பின் இயல்பு பற்றியும் காயத்தின் பயன் பற்றியும் வகுப்பது வடநூல் நெறி. அடிபட்டார்க்கு நேரும் கேட்டின் கடுமை பற்றிப் படு, தொடு எனப் பிரித்து, வீழ்ந்தாரை மீட்டெழுப்பும் அடங்கல்களையும் உடன் கூறுவது தென்னெறி. எண்ணிக்கை அண்மையில் நிற்பினும் எண்ணும் அறிவு வேறு. அகத்தியர் பெயரால் வழங்கும் வர்ம ஏடுகளின் நடையை நோக்கின், அவை சங்க காலத்தன அல்ல, மிகப் பிற்காலத்தன என்பது தமிழ் பயில்வார்க்கு எளிதிற் புலனாகும். அதனால் அவற்றின் மதிப்புக் குன்றிவிடாது.

இனி, உறவே இல்லையென்பதும் பொருந்தாது. சுவடு, அடி, கோல், களரி என்னும் சொற்களே உடன்பிறப்பைக் காட்டிவிடும். நமக்கு அணித்தாகிய செங்கோட்டையும் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர் வழிவந்த ஆட்சியில் இருந்ததன்றோ? நேற்று வரைந்த எல்லைக்கோட்டைக் கொண்டு, அதற்கு முற்பட்ட கலைக்கு உரிமை வழக்காடுவது நகைப்பிற்கிடமானது.

கொரிய நாட்டின் வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1945-இல் சப்பானியர் ஆட்சி நீங்கியபின் ஆங்குத் தனித்தனிப் பள்ளிகள் பல தோன்றின. 1955-இல் டேக்வாண்டோ என்னும் பொதுப்பெயர் வகுக்கப்பட்டது. பின்னர்ப் பள்ளிகள் பலவும் அதன்கீழ் ஒடுங்கின. தாங்சூடோ என்னும் பழம்பெயரை விடாது பற்றியோர் தனித்து நின்றனர். அயலார் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ பதக்க விளையாட்டாயிற்று, புள்ளி ஈட்டும் உதை அதன்கண் முதன்மை பெற்றது, கைத்தொழில் சுருங்கியது. பெயர் ஒன்றானதும் அளவுகோலும் ஒன்றாகிவிடுகிறது. அளவுகோலுக்கு அடங்காதது மெல்லத் தேய்கிறது.

நமக்கும் அந்நாள் தொலைவில் இல்லை. களரிப்பயிற்று கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் இடம்பெற்றுவிட்டது. சிலம்பமும் 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த அப்போட்டிகளிற் காட்சி விளையாட்டாக ஏற்கப்பட்டது. இவற்றால் வரும் நன்மையை நான் மறுக்கவில்லை. ஆயினும், பாய்ச்சலின் உயரத்தையும் வளைவின் அழகையும் கொண்டு மதிப்பிடும் நடுவர் முன்னே, நிமிர்ந்து நின்று இரண்டே அடியில் முடிக்கும் அடிமுறை மாணவன் என்ன மதிப்பெண் பெறுவான்? திருவிழாக்களிற் கம்பு சுற்றுவாரைக் கண்டிருப்பீர். அலங்காரச் சிலம்பத்திற்குக் கிட்டும் கைதட்டல் போர்ச்சிலம்பத்திற்குக் கிட்டுவதில்லை. பின்னது பார்வைக்கு எளிமையானது, அவ்வளவே.

ஆகவே போட்டி நடத்துவோர் அடிமுறைக்குத் தனிப்பிரிவு வகுத்து, அதன் ஆசான்மாரையே நடுவராக அமர்த்துதல் வேண்டும். வர்மம் அரங்கேறவே வேண்டா. அது ஆசானுக்கும் அவர் தெரிந்தெடுத்த மாணவனுக்கும் இடையே நிற்கட்டும். ஆசான் இசைவரேல், அவர் பேழையிலுள்ள ஏடுகளைப் படியெடுத்துக் கொடுக்கும் பணிக்கு நம் தமிழ் வகுப்பு மாணவர் முன்வரலாம். மெய்யெழுத்திற்குப் புள்ளியும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் வேற்றுமையுமின்றி எழுதப்பட்ட ஓலைகளைப் படிக்கக் கண்ணும் பொறுமையும் வேண்டும். பாடங்களை ஒப்புநோக்கும் முறையை வகுப்பிற் கற்கின்றோம். ஒரு கோடை விடுமுறையை அதற்கு ஒதுக்கலாம்.