பிரிக்காத பொம்மை

நாற்பதைத் தாண்டிய ஒரு ஆளு பீரோவுக்குள்ள பொம்மை வெச்சுப் பூட்டி வெச்சிருக்கான்னு சொன்னா நீங்க என்ன நினைப்பீங்க? தங்கமணி நினைக்கறதையேதான் நினைப்பீங்க. சரி, நினைச்சுக்குங்க. :-) ஆனா இந்தப் பதிவு பொம்மை சேர்க்கறது சரியா தப்பாங்கறதைப் பத்தி இல்ல. அந்தப் பஞ்சாயத்து என்னைப் பொறுத்தவரை முடிஞ்சுபோச்சு. ஸ்டாம்பு சேர்க்கறவனுக்கு மரியாதை, பழைய நாணயம் சேர்க்கறவனுக்கு மரியாதை, இரும்புக்கை மாயாவி புத்தகம் சேர்க்கறவனுக்குக் கூட இப்போ மரியாதை வந்தாச்சு. பொம்மை சேர்க்கறவன் மட்டும் லூசா?

என் கேள்வி வேற. வாங்கின பொம்மையை அட்டையோட அப்படியே வைக்கணுமா, பிரிச்சு விளையாடணுமா? பதினஞ்சு வருஷத்துக்கு மேல நான் முதல் கட்சி. போன வருஷம் கட்சி மாறிட்டேன். ஏன்னு சொல்றதுக்கு கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். பொறுத்துக்குங்க.

எங்க ஊர் பாலக்கோடு பக்கம். அப்பா மல்பெரி போட்டு பட்டுப்புழு வளர்த்தார். தர்மபுரியிலேயே பட்டுக்கூடு அங்காடி இருக்கு. ஆனாலும் விலை கூட கிடைக்கும்னு தோணுச்சுன்னா மூட்டையைத் தூக்கிக்கிட்டு ராயக்கோட்டை, ஓசூர், பெங்களூர் தாண்டி ராமநகரத்துக்குப் போயிடுவார். அங்கிருந்து சென்னபட்டணம் கூப்பிடு தூரம். அரக்குச் சாயம் பூசின மரப்பொம்மைக்குப் பேர் போன ஊர். வரும்போது ஒரு மரக்குதிரை, ஒரு பம்பரம், ஒரு கிலுகிலுப்பைன்னு ஏதாவது ஒண்ணு பையில இருக்கும்.

எனக்கு அது போதலை. ஸ்கூல்ல டாக்டர் வீட்டுப் பையன் ஒருத்தன் ஜி.ஐ. ஜோ பொம்மை கொண்டுவந்திருந்தான். உள்ளங்கை அளவுதான். ஆனா கழுத்து திரும்புது, முட்டி மடங்குது, இடுப்பு வளையுது, கையில துப்பாக்கி நிக்குது! மரக்குதிரை எங்கே, இவன் எங்கே? அழுது புரண்டு ஒரு வாரம் சாப்பிடாம (பொய், ராத்திரி சாப்பிட்டேன்) அடம் பிடிச்சேன். அப்பா கூட்டுக்கு நல்ல விலை கிடைச்ச ஒரு நாள் தர்மபுரிக்கு என்னையும் கூட்டிட்டுப் போய் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர்ல வாங்கிக் குடுத்தார். அரைக் கிலோ கூட்டு விலைன்னு அவர் முனகினது இப்பவும் காதுல இருக்கு. தலையில சாஞ்ச தொப்பி போட்ட ஆளு. அட்டையில ஃப்ளிண்ட்னு இங்கிலீஷ்ல பேர் இருந்தது. நாங்க அவனுக்கு வெச்ச பேர் தொப்பிக்காரன். பஸ் தொப்பூர் ரோட்டைத் தாண்டறதுக்குள்ளன்னு சொல்லலாம்னு பாத்தேன், எங்க ஊர் அந்தப் பக்கமே இல்ல. :-) பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே அட்டையைக் கிழிச்சுட்டேன்.

மூணு வருஷம் அவன் எங்க களத்து மேட்டுல போர் பண்ணினான். கிணத்துல குதிச்சான். கட்டை விரல் உடைஞ்சு துப்பாக்கி நிக்கலை, நூல் போட்டுக் கட்டினோம். கடைசியில ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்தா ஆளைக் காணோம். உடைஞ்ச பக்கெட், பிஞ்ச செருப்போட சேர்த்து அம்மா பழைய சாமான்காரருக்குப் போட்டுட்டாங்க. பதிலுக்குப் பேரீச்சம்பழம். அதையும் நான் தின்னேன்ங்கறதுதான் கொடுமை. அவ்வ்வ்வ்.

இனி கொஞ்சம் சரித்திரம். 1964-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி முதல் ஜி.ஐ. ஜோவை விட்டபோது ஒரு சிக்கல். 'டால்'னு சொன்னா பையன்களுக்கு எந்த அப்பனும் வாங்கித் தரமாட்டான். அதனால 'ஆக்‌ஷன் ஃபிகர்'னு புதுசா ஒரு பேர் வெச்சாங்க. தமிழுக்கு இந்தக் கவலையே இல்ல. பொண்ணு கையில இருந்தாலும் பையன் கையில இருந்தாலும் பொம்மை பொம்மைதான். அப்புறம் 1982-ல் மூணே முக்கால் அங்குல சைஸுக்கு மாத்தி, மார்வெல் காமிக்ஸையும் கூடவே இறக்கிவிட்டாங்க, அடுத்த வருஷம் டிவி கார்ட்டூனும் வந்தது. அதே 1982-ல் மேட்டலின் ஹீ-மேன் பொம்மை கடைக்கு வந்தது, கார்ட்டூன் 1983-ல்தான் வந்தது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் இன்னும் வேடிக்கை. ஜப்பானில் டகாரா கம்பெனி ஏற்கனவே வித்துக்கிட்டிருந்த, காரா மாறுற பொம்மைகளை வாங்கி, அதுகளுக்குக் கதை எழுதி 1984-ல் கார்ட்டூன் ஆக்கினாங்க. அதாவது கார்ட்டூனுக்காக பொம்மை இல்ல, பொம்மைக்காக கார்ட்டூன். அரை மணி நேர விளம்பரத்தை நாமெல்லாம் வாயைப் பிளந்து பார்த்திருக்கோம்.

நம்ம ஊர்ல இதைத் தயாரிச்சது ஃபன்ஸ்கூல். டயர் பண்ற எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. சென்னைதான் தலைமையகம். கோவாவிலும் நம்ம ராணிப்பேட்டையிலும் ஃபேக்டரி. ஹாஸ்ப்ரோவின் பழைய அச்சுகளை வெச்சு இங்கே வார்த்தாங்க. 1994-ல் அமெரிக்காவில் அந்த வரிசையையே நிறுத்தின பிறகும் இங்கே வந்துக்கிட்டு இருந்தது. கலர் மட்டும் அங்கே ஒண்ணு, இங்கே ஒண்ணு. அங்கே பச்சைச் சட்டை போட்டவன் இங்கே வேற சட்டையில நிப்பான். அந்தக் கலர் வித்தியாசத்துக்காகவே இன்னிக்கு அமெரிக்கக்காரங்க நம்ம ஊர் ஜோவைத் தேடித்தேடி வாங்கறாங்க. பாலக்கோடு களத்து மேட்டுல மண்ணுல புரண்டவனுக்கு வந்த வாழ்வைப் பாருங்க!

2008-ல் ஆபீஸ் ஆணி புடுங்க அரூர் பக்கம் போயிருந்தப்ப, ஒரு பழைய ஸ்டேஷனரி கடையில, மேல் தட்டுல, ஜியோமெட்ரி பாக்ஸுக்குப் பின்னாடி தொப்பிக்காரன்! பிரிக்காத அட்டை. கடைக்காரர் தூசியைத் தட்டி, அட்டையில போட்டிருந்த அதே விலைக்குக் குடுத்தார். என் கை நடுங்கினது நிஜம். அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் இந்தப் பைத்தியம். அப்புறம் பேட்மேன், ஸ்பைடர்மேன், ஹாட் வீல்ஸில் வந்த பேட்மொபீல்னு நாப்பது ஐம்பது சேர்ந்துபோச்சு. குமாரசாமிப்பேட்டை தைப்பூசத் தேர்க்கடையில வாங்கின, பேட்மேன் வண்டியில ஸ்பைடர்மேன் ஸ்டிக்கர் ஒட்டின டூப்ளிகேட்டும் அதுல உண்டு. அது என் செல்லம். அந்த மாதிரி ஒரு கூட்டணியை எந்த ஹாலிவுட்காரனும் யோசிச்சிருக்க மாட்டான்.

ஆனா தொப்பிக்காரனை மட்டும் பிரிக்கலை. பிளாஸ்டிக் கவர் போட்டு, பீரோவுல, பத்திரத்துக்குப் பக்கத்துல. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் விலை கேட்டார். அப்போதைய வீட்டு வாடகையில பாதி. குடுக்கலை. பொண்ணு பிறந்தா. வளர்ந்தா. "அப்பா, ஒரே ஒரு வாட்டி"ன்னு கேட்டா. குடுக்கலை. அவளுக்கு தேர்க்கடை ஸ்பைடர்மேன்தான்.

பிரிக்காம வைக்கிறவங்க பக்கம் நியாயம் இல்லாம இல்ல. எங்க தர்மபுரி அகழ்வைப்பகத்துக்கு வந்தீங்கன்னா வரிசையா நடுகற்கள் பார்க்கலாம். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன், கையில வில்லு, வாளு, உடம்புல தைச்ச அம்பு, சிலதுல வட்டெழுத்து. நான் பொண்ணுக்கு இதையெல்லாம் எங்க ஊர் சூப்பர் ஹீரோன்னுதான் அறிமுகப்படுத்தினேன். கூரைக்குக் கீழ கொண்டுவந்து வெச்சதாலதான் அந்த எழுத்து இன்னும் படிக்கிற மாதிரி இருக்கு. பொம்மையும் அப்படித்தான். நாங்க எல்லாரும் பஸ் ஸ்டாண்டுலயே அட்டையைக் கிழிச்சவங்க. எவனோ ஒருத்தன் கிழிக்காம வெச்சிருந்ததாலதான் அட்டைப் படம் எப்படி இருந்தது, பின்பக்கம் அந்த ஆளோட பயோடேட்டா என்னன்னு இன்னிக்குத் தெரியுது. அந்த பயோடேட்டாக்களை எழுதினவர் லாரி ஹாமா, மார்வெலில் ஜி.ஐ. ஜோ கதைகளை எழுதினவர். தூக்கிப் போடற சமாச்சாரம் இல்ல.

ஆனா அதே வீரன் எங்க ஊர்ப் பக்கம் வயல் ஓரத்துல, புளியமரத்தடியில வேடியப்பனாவும் நிக்கறான். எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, பொங்கல் வெச்சு, குழந்தைங்க தொட்டுக் கும்பிட்டு. தேய்ஞ்சு மூக்கு முகம் தெரியாது. அங்கே அவன் சாமி, அகழ்வைப்பகத்துல அவன் சான்று. ரெண்டும் வேணும். ஆனா நான் அகழ்வைப்பகம் இல்லியே? என் பீரோவை யார் டிக்கெட் வாங்கிப் பார்க்க வர்றாங்க?

இது எனக்கு உறைச்சது அப்பாவால. போன வருஷம் அவர் கொஞ்சம் உடம்பு முடியாம எங்க வீட்டுக்கு வந்து தங்கினார். வயசு எழுபத்தஞ்சு ஆச்சு. ஒரு நாள் பத்திரம் எடுக்க பீரோவைத் திறந்தப்ப அட்டையைப் பார்த்துட்டார்.

"இது அந்தத் தொப்பிக்காரன்தான?"

எனக்கு ஆச்சரியம். முப்பது வருஷம் கழிச்சு அவருக்கு ஞாபகம் இருக்கு.

"ஆமாப்பா. அதே பொம்மைதான். பிரிக்காம வெச்சிருக்கேன். இப்ப நல்ல விலை."

"ஏன்டா, நான் வாங்கிக் குடுத்ததை பஸ்ஸு எடுக்கறதுக்குள்ள பிச்சுப் போட்ட. நீ வாங்கினதைப் பூட்டி வெச்சுட்டு புள்ளைக்கு இல்லங்கற?"

அவ்வளவுதான் சொன்னார். கோபமெல்லாம் இல்ல. சொல்லிட்டு பேப்பர் படிக்கப் போயிட்டார். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. என் அப்பா அரைக் கிலோ கூட்டு விலைன்னு முனகினார்தான். ஆனா கிழிச்சப்ப ஒரு வார்த்தை திட்டலை. அவர் வாங்கினது பொம்மையை இல்ல, பையன் மூஞ்சியில வர்ற சிரிப்பை. நான் அந்த சிரிப்பைத் திரும்ப வாங்கறதா நினைச்சு அட்டையை வாங்கி வெச்சிருக்கேன்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. பிளேடால குமிழோட அடிப்பக்கம் மட்டும் கீறி (அட்டையைக் காப்பாத்தணும்ல!), தொப்பிக்காரனை வெளியே எடுத்து பொண்ணு கையில குடுத்தேன். அவ இடுப்பைத் திருப்பினா. டொப்புனு ரெண்டு துண்டு!

விஷயம் தெரிஞ்சவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். இந்த பொம்மையோட மேல் பாதியையும் கால்களையும் சேர்த்துப் பிடிக்கறது உள்ளே இருக்கற ஒரே ஒரு கறுப்பு ரப்பர் ஓ-ரிங். முதுகுல ஒரு ஸ்க்ரூ, உள்ளே ஒரு கொக்கி, அதுல இந்த ரப்பர். ரப்பருக்கு அட்டை பிரிச்சதும் தெரியாது, பிரிக்காததும் தெரியாது. அது பாட்டுக்குக் காய்ஞ்சு இத்துப்போயிருக்கு. நான் காவல் காத்துக்கிட்டு இருந்தப்பவே உள்ளே பையன் போயாச்சு. அடிச்சுச் சொல்றேன், என்னோட மொத்த வாதமும் அந்த 'டொப்'புல இருக்கு. பூட்டி வெச்சா காலம் நிக்கும்னு நினைக்கறோம். நிக்கறது அட்டை மட்டும்தான்.

பொண்ணு அழ ஆரம்பிச்சா. அப்பா எழுந்து வந்து கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாசர் போயிருக்குடா. மருந்தடிக்கற ஸ்ப்ரேயருக்குப் போடறது சேரும் பாரு." கடைத்தெருவுக்குப் போய் விவசாய சாமான் கடையில நாலைஞ்சு சைஸ் ஓ-ரிங் வாங்கிட்டு வந்தேன். பத்து ரூபாய்க்குள்ள. தாத்தா ஸ்க்ரூவைக் கழட்ட, பேத்தி கொக்கியைப் பிடிக்க, நான் சும்மா நின்னேன். மூணாவது சைஸ் சேர்ந்தது. கொஞ்சம் தடிமன், இடுப்பு முழுசாத் திரும்பாது. பரவாயில்ல, நாற்பதுக்கு மேல எனக்கும் திரும்பறதில்ல.

விலைக்காகச் சேர்க்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 பட்ஜெட்டுல பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்துலேர்ந்து 60 ஆச்சு, 2023-ல் 70. 2021 ஜனவரியிலிருந்து பி.ஐ.எஸ். தர முத்திரையும் கட்டாயம். குழந்தைங்க வாயில வைக்கற பொருளுக்குத் தரம் கேக்கறது நியாயம்தான். ஆனா வெளிநாட்டுப் பொம்மை யானை விலை குதிரை விலை ஆனதும், கடையில வர்ற நாலு ஹாட் வீல்ஸையும் பெரியவங்க அள்ளிட்டுப் போய் மூணு மடங்கு விலைக்கு விக்கறதைப் பார்க்கும்போது வயிறு எரியுது. பெட்டியில கையை விட்டுத் துழாவற குழந்தைக்குக் கிடைக்கறது காலிப் பெட்டி. சேர்க்கற நாம அதைச் செய்யக்கூடாது. ஒண்ணு எடுத்தா ஒண்ணை விட்டுட்டு வருவோம்.

நான் எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லலை. நிஜமாவே அரிதான பொருளை ஒழுங்கா வைக்க, நாலு பேருக்குக் காட்ட முடிஞ்சவங்க வைக்கட்டும். மத்தவங்க, வருஷத்துக்கு ஒரு பொம்மையையாவது பிரிங்க. அட்டையை வெச்சுக்குங்க, ஆளை வெளியே விடுங்க.

தொப்பிக்காரன் இப்போ எங்க இருக்கான்னு கேக்கறீங்களா? சென்னபட்டணத்து மரக்குதிரை ஒண்ணு ஊர்ல பரண்ல கிடைச்சது, அப்பா எடுத்துட்டு வந்தார். அதுமேல உட்கார்ந்து ஹால்ல சவாரி போறான். துப்பாக்கி ரெண்டாவது நாளே சோபாவுக்கு அடியில தொலைஞ்சுபோச்சு. சத்தியமா எனக்கு வருத்தம் இல்ல.

(கொஞ்சம் இருக்கு.)

உங்க வீட்டு பீரோவுல பிரிக்காம என்ன இருக்கு மக்களே?

டிஸ்கி: பழைய சாமான்காரருக்குப் போட்ட விஷயத்தை அம்மாகிட்ட இப்போ கேட்டேன். "எந்த பொம்மை?"ங்கறாங்க.