பனங்காணி உடையார்க்குப் பள்ளி எங்கே?

எங்கள் கல்லூரியின் வைரவிழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, தாபகர் பெருமையையோ முன்னைநாள் அதிபர்களின் தொண்டையோ எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுதத் தக்கார் பலர் உளர். யானோ பனையைப் பற்றி எழுதத் துணிந்தேன். இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் பலர், கொழும்பிலிருப்பினும் கனடாவிலிருப்பினும், பெட்டியின் அடியில் ஓர் உறுதியை வைத்திருக்கிறார்கள். அவ்வுறுதியில் நான்கு பரப்போ எட்டுப் பரப்போ கொண்ட பனங்காணி ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. அக்காணியை வைத்து என்ன செய்வது என்பதை அவர்களுக்கு ஒருவரும் கற்பித்ததில்லை. எனக்கும் கற்பிக்கவில்லை.

முதலில் என் அறியாமையைச் சொல்லிவிடுகிறேன். தந்தையார் வழி முதுசமாக எனக்கு ஆறு பரப்புப் பனந்தோப்பு வந்தது. 2016 ஆம் ஆண்டு வீட்டுக் கூரை பழுதுற்றபோது, சிலாகைக்கும் வளைக்குமாக நான்கு பனைகளைத் தறிக்க எண்ணி அனுமதியும் பெற்றேன். நெடிது நிமிர்ந்து வடுவின்றி நின்ற நான்கை யானே தெரிந்து சுண்ணாம்புக் குறி இட்டேன். மரம் விழுந்து வாள் ஏறிய பின்னரே உண்மை புலப்பட்டது. வெளிப்புறத்தில் ஒரு விரலளவு வைரம். உள்ளே முழுவதும் சோறு. இளமரங்கள் அவை. பக்கத்திலே கூனிக்கொண்டு நின்ற கிழமரங்களே கூரைக்கு ஏற்றவை. மரம் அரிய வந்த முதியவர், “வாத்தியார், ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்” என்றார். அவ்வளவோடு நில்லாது, தோப்பைத் துப்புரவாக்குவதாக எண்ணி யான் வெட்டுவித்த வடலிகளையும் அவர் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. வடலி வெட்டுதல் என்பது அடுத்த தலைமுறையை வெட்டுதல் என்பதை அவர் முகத்திலிருந்தே படித்துக்கொண்டேன்.

இதில் வெட்கப்படத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. தொல்காப்பிய மரபியலிலே, வெளிப்புறம் வயிரமுடையதைப் புல் என்றும் உட்புறம் வயிரமுடையதை மரம் என்றும் ஆசிரியர் பகுத்திருப்பதை ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்கி வருபவன் யான். பனை புறக்காழ் உடையது. ஆதலின் அது புல்லினம். இக்காலத் தாவர நூலாரும் பனையைப் புல்லோடும் மூங்கிலோடும் சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்றே வகுப்பர். மற்றை மரங்களைப்போல ஆண்டுக்கோர் வளையமாகப் பருக்கும் இயல்பு அதற்கில்லை. வெளிப்புறத் தும்புகளே ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகி வைரமாகின்றன. எனவே பருமனைக் கொண்டு வயதை மதிப்பிட இயலாது. இத்தனையும் பாடமாகச் சொன்னவனுக்கு, சொந்தக் காணியிலே நான்கு மரத்தைத் தெரியத் தெரியவில்லை. ஏட்டறிவு படலைக்கு வெளியே நின்றுவிட்டது.

பனங்காணி உடையவன் அறியவேண்டியவை சிலவல்ல. பனையில் ஆண், பெண் வேறுவேறு மரம். பூக்கும்வரை அது எதுவென்று எவராலும் பார்த்துச் சொல்ல இயலாது. பூப்பதற்கோ பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுவரை செல்லும். ஆதலின் பூக்குங் காலத்திலே தோப்பைச் சுற்றிவந்து குறித்து வைத்தல் வேண்டும். விதை ஊன்றுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பனங்கொட்டை முளைக்கும்போது முளையை நேரே நிலத்தினுள் ஆழமாகச் செலுத்தும். நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. நிற்கவேண்டிய இடத்திலேயே விதையை ஊன்ற வேண்டும். நாமோ விழும் பழத்தின் கொட்டைகளை எல்லாம் பாத்தியிலே அடுக்கிக் கிழங்காக்கி ஒடியலும் புழுக்கொடியலும் செய்து உண்டுவிட்டு, தோப்பு ஏன் அடர்த்தி குறைகிறது என்று வியக்கிறோம். ஒடியற் கூழை யான் வெறுப்பவனல்லன். பாத்திக்கு நூறு எடுப்பவன் வேலியோரத்துக்குப் பத்து எடுக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

வேனிற்காலத்துத் தீயும் உண்டு. காவோலை கழியாது தொங்கும் தோப்பிலே ஒரு பொறி விழுந்தால் வடலிகள் கருகிவிடும். ஓலையைக் கழிப்பித்துத் தரையைத் துப்புரவாக்கி வைத்தலே அதற்குக் காப்பு. கழித்த ஓலை வேலிக்கும் வயலுக்கும் பசளைக்கும் உதவும் என்பதை நம் பாட்டன்மார் அறிந்திருந்தனர். போர்க்காலத்திலே காவலரணுக்கும் பதுங்குகுழிக்குமெனத் தறிக்கப்பட்ட பனைகள் எண்ணிலடங்கா. போர் 2009 இல் முடிந்தது. அதன் பின்னர் தீயிலும் அசட்டையிலும் அழிந்த வடலிகளுக்குப் பொறுப்பாளிகள் நாமே.

சட்டமும் ஒரு பாடந்தான். மரந்தறித்தலைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1951 முதல் உண்டு. பனைக்கும் அனுமதி வேண்டும். அதனினும் சிக்கலானது பிரிபடாப் பங்கு. ஆறு பரப்புக்குப் பதினொரு பங்காளிகள். அவருள் எழுவர் கடல்கடந்தவர். ஒருவர் எங்குள்ளார் என்பதே தெரியாது. தேசவழமையிற் பங்காளிக்கு முன்விலைக் கொள்வனவு உரிமை உண்டு என்பதையும், அவருக்கு அறிவியாது பங்கை அயலாருக்கு விற்பது வழக்கிலே முடியும் என்பதையும் அறிந்தவர் எத்தனை பேர்? உரிமை தெளிவில்லாத தோப்பிலே ஒருவரும் விதை ஊன்றமாட்டார்.

இவற்றையெல்லாம் கற்க இடமே இல்லை என்று கூறுவேனாயின் அது பிழை. 1978 இல் தோன்றிய பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. கைதடியிலே பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் இயங்குகிறது. சீவல் தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. ஓலைப்பின்னலுக்குப் பயிற்சி உண்டு. காணி உடையவன்தான் எங்கும் மாணவனாகச் சென்று அமர்வதில்லை. தனக்குத் தெரியும் என்று எண்ணுகிறான். அல்லது தெரியவேண்டியதில்லை என்று எண்ணுகிறான். அமெரிக்க நாட்டிலே 1914 இல் இயற்றிய சட்டமொன்றால் கல்லூரிகளின் அறிவு கமக்காரரின் வாயிலுக்கே கொண்டுசெல்லப்பட்டது; சிறு காடு உடையாரும் பின்னர் அதனாற் பயன் பெற்றனர். பின்லாந்திலே காடுகளின் பெரும்பகுதி குடும்பங்களின் கையிலுள்ளது. அவர்கள் சங்கம் அமைத்து, எந்த மரத்தை எப்போது தறிப்பது என்று அறிந்தாரைக் கேட்டே செய்கின்றனர்.

நம்மிடத்திலும் அறிந்தார் உளர். ஒரு நாளைக்கு எத்தனையோ மரம் ஏறி இறங்கும் சீவல் தொழிலாளி, எந்த மரம் கருப்பநீர் மிகுதியாகத் தரும், எதிலே வண்டு விழுந்திருக்கிறது என்பதைக் குருத்தைப் பார்த்தே சொல்வார். அவரை நாம் தலைமுறை தலைமுறையாகப் படலைக்கு வெளியே நிறுத்தினோம்; அவர் அறிவும் வெளியே நின்றது. நமது பனங்கல்வி தடைப்பட்டமைக்கு நூலின்மை சிறு காரணம். அவர்முன் அமர்ந்து கேட்க மனமின்மையே பெருங் காரணம் என்பது என் துணிபு. இதனைச் சிலர் விரும்பார் என்பதை அறிவேன்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விழாவின் நினைவாக மண்டபமும் வளைவும் கட்டுவது நன்றே. அச்செலவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கு ஆறு சனிக்கிழமைகளிலே காணி உடையார்க்கும் மேல்வகுப்பு மாணவர்க்கும் தோப்பிலேயே வகுப்பு நடத்தலாம். மரம் அரிபவர் ஒருநாள், சீவல் தொழிலாளி ஒருநாள், கைதடி ஆராய்ச்சியாளர் ஒருநாள், உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருநாள் எனக் கற்பிக்கட்டும். வருவோர்க்குக் கொடுக்கும் மதிப்பூதியம் நால்வர்க்கும் ஒன்றாகவே இருக்கட்டும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் தம் பங்கின் விபரத்தையும், தோப்பைப் பார்த்துக்கொள்ள இங்குள்ள ஒருவர்க்கு எழுத்திலே அதிகாரத்தையும் அனுப்பி வைத்தால், மாணவர்கள் மரங்களை எண்ணி, ஆண் பெண் வடலி எனக் குறித்த ஓர் ஏட்டை அவர்களுக்கு அனுப்புவர்.

முதல் வகுப்புக்கு என் ஆறு பரப்பையும் தருகிறேன். சுண்ணாம்புக் குறியிட்டுத் தறித்த நான்கு அடிக்குற்றிகளும் அங்கேயே இருக்கின்றன; பிழையான பாடத்தையும் பார்த்துக்கொள்ளலாம். ஆவணியிலே பழம் விழும். மழைக்கு முன்னர் கொட்டை ஊன்ற வேண்டும். ஆகையால் நாளைக் குறிப்பதாயின் புரட்டாதிக்கு முன்னரே குறித்துவிடுங்கள்.