ஆய்வாளர்க்கு ஆய்வாளரே துணை

முனைவர் பட்ட ஆய்வு நெடுவழிப் பயணம். இளங்கலை, முதுகலை வகுப்புகளில் நாற்பது மாணவர்கள் ஒரே பாடத்தை ஒரே நாளில் பயில்கின்றனர். ஒருவர்க்குப் புரியாததை மற்றவர் விளக்குகின்றார். ஆய்விலோ தலைப்பு ஒருவர்க்கே உரியது. நூலகத்தில் அமர்வதும் தனியே. களத்திற்குச் செல்வதும் தனியே. அறிவுக்குறைவால் ஆய்வை இடையில் கைவிடுவோரினும், உரிய வேளையில் கேட்டறிய ஆளின்றிக் கைவிடுவோரே மிகுதி என்பது என் கருத்து. நெறியாளர் வழிகாட்டுவார், ஆயினும், அந்த வழியில் நேற்று நடந்து சென்ற மூத்த ஆய்வாளரே எந்த இடத்தில் கல் கிடக்கிறது, எங்கே முள் தைக்கும் என்று கூற வல்லவர். ஆய்வு மாணவர்கள் ஒருவர்க்கொருவர் அறிவுரை கூறும் முறையை நம் கல்லூரிகள் ஓர் அமைப்பாகவே வளர்த்தல் வேண்டும். இதனை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுப்படப் பேசுவதினும், நம் மாணவர் பலர்க்கு அண்மையிலுள்ள ஒரு களத்தை முன்வைத்துப் பேசுதல் தெளிவு தரும்.

கல்வராயன் மலை என்னும் களம்

விழுப்புரம் மாவட்டத்தினின்று பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகத் தொடங்கப்பெற்றது கள்ளக்குறிச்சி. அதன் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகக் கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. கோமுகியும் மணிமுத்தாறும் பிறக்கும் மலை அது. கச்சிராயபாளையம் வழியாக ஏறினால் கரியாலூரும் வெள்ளிமலையும் வரும். அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தார் எனக் கருதுவோர் உளர். அவர்களுடைய தாய்மொழி தமிழே. காஞ்சிபுரத்தினின்று வந்து மலையேறியவர் தம் முன்னோர் என்னும் மரபுச் செய்தி அவர்களிடையே வழங்குகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் இது பதிவாகியுள்ளது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 இலட்சம், அவர்களுள் மிகப் பெரிய குழுவினர் மலையாளிகளே.

ஆயினும், இம்மலையின் பெயரைச் சமவெளி மக்கள் எப்போது மிகுதியாகக் கேட்டனர்? 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. அதன் பின்னரே மலை நாளேடுகளில் அடிபட்டது. அடுத்த மாதம் சென்னை உயர்நீதிமன்றம் மலைமக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டது. ஒரு மலையைப் பற்றிய அறிவு இத்தகைய செய்திகளோடு முடிந்துவிடுமாயின், அது தமிழாய்வுக்கு நேர்ந்த குறையேயாகும். அங்குள்ள தாலாட்டும், ஒப்பாரியும், தெய்வக் கதைகளும், சாமை விதைப்பு முதல் அறுவடை வரையிலான சொற்களும் முதியோர் நினைவில் வாழ்கின்றன. ஓர் ஆய்வாளர் இடையில் நின்றுவிட்டால் பட்டம் ஒன்று தவறுகிறது. அத்துடன் அம்முதியோர் நினைவில் உள்ளவையும் பதிவாகாமலே மறையக்கூடும்.

மூத்தவர் சொல்லத் தக்கவை

முதலாவது, தலைப்பு. ‘கல்வராயன் மலைமக்கள் வாழ்வியல்’ என்று பதிவு செய்யும் மாணவர், நான்காம் ஆண்டிலும் தரவு திரட்டிக்கொண்டே இருப்பார். மலையின் ஒரு பகுதி, ஒரு வகைப் பாடல், ஒரு வினா எனச் சுருக்கினால் ஆய்வு ஆழம் பெறும். அத்தலைப்பில் முன்னரே எவரேனும் ஆய்ந்துள்ளனரா என்பதை ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் தேடியறிதல் முதல் வாரத்துப் பணியாகும்.

இரண்டாவது, களம். விதைப்பிலும் அறுவடையிலும் பகற்பொழுதில் வீடுகளில் ஆள் இரார். அப்போது சென்றால் பூட்டிய கதவைக் கண்டு திரும்ப நேரிடும். துக்கம் நிகழாத வீட்டில் ஒப்பாரி பாடுதல் ஆகாது என்பது நம் சிற்றூர்களில் பரவலாக உள்ள நம்பிக்கை. அதை அறியாமல் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “ஓர் ஒப்பாரி பாடுங்கள், அம்மா” என்று கேட்டுவிட்டால், அவ்வீட்டில் மீண்டும் நுழைதல் அரிது. ஒலிப்பதிவுக் கருவியை முதல் நாளிலேயே வெளியே எடுக்காதிருத்தல், மூன்றாம் முறை செல்லும்போது முதலிரு முறை கேட்ட பாடல்களைத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தல் ஆகியவற்றை ஏட்டில் கற்பதினும் களம் கண்ட தோழரிடம் கேட்டறிவது எளிது.

பாடியவர் பெயரை, அவர் இசைவு பெற்று, யாரிடம் கற்றார் என்னும் செய்தியோடு குறித்தல் இன்றியமையாதது. இது நம் சமுதாயத்தார்க்குப் புதிய பாடமன்று. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்தே ஹதீஸ் கலை அறிஞர்கள் செய்திகளை ஏற்றனர். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஊர்தோறும் பயணம் செய்து அறிவிப்பாளர்களைத் தேடிக் கேட்ட வரலாற்றை மதரஸா மாணவர் அறிவர். அந்த ஒழுங்கை மலையேறும் நம் ஆய்வாளர் கைக்கொண்டால், “தகவலாளர் ஒருவர்” என்று மூதாட்டியின் பெயரை விழுங்கிவிடும் ஆய்வேடுகள் குறையும்.

மூன்றாவது, விதிகள். இங்கேதான் தோழமை அறிவுரை சில வேளை தீங்கும் செய்யும். 2017இல் பதிவு செய்தவர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்ட பின்னரே ஆய்வேட்டை அளித்தல் கூடும் என்பார். அது 2016ஆம் ஆண்டு விதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் அக்கட்டாயத்தை நீக்கிவிட்டன. பல்கலைக்கழகம் தானாக விதித்துள்ளதா என்பதை மட்டும் பார்த்தல் வேண்டும். குழுவின் அங்கீகார இதழ்ப் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. இவற்றை அறியாத மாணவர்கள் பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களிடம் சிக்குகின்றனர். 2022 விதிகளின்படி ஆய்வுக்காலம் குறைந்தது 3 ஆண்டு, மிகுதியாக 6 ஆண்டு. மறுபதிவினால் மேலும் 2 ஆண்டு பெறலாம். பெண்களுக்கு அதன் மேலும் 2 ஆண்டும், 240 நாள்வரை மகப்பேற்று விடுப்பும் உண்டு. திருமணமானதும் ஆய்வை நிறுத்திவிட எண்ணும் நம் சகோதரியர் எத்தனை பேர் இதனை அறிவர்? ஆதலின், அனுபவத்தைத் தோழரிடம் கேளுங்கள். விதியை விதிநூலிற் பாருங்கள்.

கூடிப் பயின்றோர் வரலாறு

இத்தகைய கூட்டுறவு தமிழுலகில் முன்னரே நிகழ்ந்துள்ளது. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திய பேராசிரியர் நா. வானமாமலை, 1960களின் பிற்பகுதியில் நெல்லை ஆய்வுக்குழுவை உருவாக்கினார். உறுப்பினர் கட்டுரை படிப்பர், ஏனையோர் வினவுவர், திருத்தம் பெற்ற கட்டுரைகள் அவர் 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழில் இடம்பெறும். பல்கலைக்கழகக் கட்டடமோ மானியமோ இன்றி, நாட்டார் வழக்காற்றியலில் தடம் பதித்த அறிஞர்கள் சிலரை அக்குழு அளித்தது.

நம் சமுதாயத்திலும் சான்று உண்டு. இலங்கை பாணந்துறையிற் பிறந்த ம. மு. உவைஸ் அவர்கள், தமிழ் இலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணியை முதுகலை ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அதனை 1953இல் நூலாக வெளியிட்டது கண்டியை அடுத்த கல்ஹின்னையின் தமிழ் மன்றம். ஒரு சிற்றூரின் தமிழன்பர் கூட்டம் முன்வந்ததால் அவ்வாய்வு கடல் கடந்து நம் கைக்கு எட்டியது. பின்னர் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய இருக்கையில் அமர்ந்ததையும் நாம் அறிவோம்.

நாம் செய்யத்தக்கது

தமிழ்த்துறை தோறும் ஆய்வாளர் வட்டம் ஒன்று அமைதல் வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை போதும். ஆய்வு முடித்தவர் ஒருவரும் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவரும் அதில் கட்டாயம் இருத்தல் நன்று. ஒருவர் தாம் எழுதிய ஐந்து பக்கங்களைப் படிக்க, ஏனையோர் திருத்தம் கூறலாம். முன்னோர் பட்ட இடர்களை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தால் பின்வருவோர்க்கு அது கைவிளக்காகும். நெறியாளர்கள் இதனைத் தம் அதிகாரத்திற்குக் குறைவென எண்ணலாகாது. வட்டத்தில் திருந்திய இயல் அவர்தம் மேசைக்கு வரும்போது அவர்களின் சுமையே குறைகிறது. கலந்தாலோசித்தல், நாம் ‘மஷூரா’ என்று போற்றும் மரபன்றோ?

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். சிறுபான்மையின ஆய்வு மாணவர்க்கு ஒன்றிய அரசு வழங்கிவந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் புதியவர்க்கு நிறுத்தப்பட்டது. மலைக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம், ஒலிப்பதிவுக் கருவி, ஆய்வேட்டுத் தட்டச்சு, கட்டமைப்பு ஆகிய செலவுகளை எண்ணியே ஏழை மாணவர் பின்வாங்குகின்றனர். மண்டபங்களுக்கு அள்ளி வழங்கும் கரங்கள், ஆண்டுக்கு இரண்டு ஆய்வாளர்க்கு இச்சிறு செலவை ஏற்றால் அவர்கள் நடுவழியில் நில்லாது கரை சேர்வர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற முதல் இறைச்செய்தி ஓதுதலைப் பற்றியது. ஓதியதைப் பிறர்க்கு உணர்த்துதலும் அக்கடமையின் பகுதியே. முனைவர் பட்டம் பெற்றவர், தம் பெயருக்கு முன்னே அதனைப் பொறித்த கையோடு, பின்னே வருகின்ற ஒருவர்க்கேனும் வழி சொல்வாராக. அவ்வாறு சொல்லவும் கேட்கவும் வல்ல இறைவன் நமக்கு அருள் புரிவானாக.