வடசென்னைக் கரை: கடலும் காவலும்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. வளைகுடாவோ ஆழமான ஆற்றுமுகமோ இல்லாத, நேராக ஓடும் மணற்கரை இது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் டே இங்கே இடம் பெற்றார். மறு ஆண்டு கோட்டை வேலை தொடங்கியது. கோட்டைக்கு வந்த கப்பல்கள் கரைக்கு வெகு தூரத்தில், திறந்த கடலிலேயே நங்கூரம் போட்டன. அங்கிருந்து சரக்கையும் ஆட்களையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது மசூலா படகு. பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்த படகு என்பதால், தரை தட்டினாலும் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். இந்தத் தொழிலைச் செய்த படகோட்டிகளின் குடியிருப்பாக வளர்ந்ததுதான் ராயபுரம். 1829இல் அவர்களின் கொடையில் எழுந்த புனித இராயப்பர் ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது.

சரக்குக்குத் திறந்திருந்த கடல் பகைவருக்கும் திறந்திருந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கப்பல்படையோடு வந்து கோட்டையைப் பிடித்தார். அடுத்த மாதமே அடித்த புயலில் அவருடைய கப்பல்கள் சில மூழ்கின. ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி 1749இல் ஊர் ஆங்கிலேயரிடம் திரும்பியது. 1758 டிசம்பரில் இன்னொரு பிரெஞ்சுத் தளபதி லாலி தரைவழியாக வந்து, கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைக் கைப்பற்றிக் கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் துணைப்படையோடு வந்து சேர்ந்ததும் முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார்.

1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை நகர எல்லைவரை வந்து, கம்பெனியை உடன்படிக்கைக்குப் பணிய வைத்தது. அந்தக் காலகட்டத்தில் கறுப்பர் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் பால் பென்ஃபீல்ட் என்ற ஒப்பந்ததாரர் மதில் எழுப்பினார். செலவை ஈடுகட்ட வரி போட நினைத்தார்கள், வசூலிக்கவில்லை. ஆனாலும் மேற்கு மதிலோரச் சாலைக்கு வால்டாக்ஸ் (மதில் வரி) சாலை என்ற பெயர் நிலைத்துவிட்டது. வடக்கு மதிலின் ஒரு துண்டு பழைய சிறைச்சாலை சாலையில் மாடிப் பூங்காவாக எஞ்சியிருக்கிறது. கடலோரப் பீரங்கி மேடை ஒன்றின் நினைவாகக் கிளைவ் பேட்டரி என்ற இடப்பெயரும் வழக்கில் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் போர் அபாயம் குறைந்து வணிகம் பெருகியது. 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. 1861இல் கடலுக்குள் இரும்புத் தூண் பாலம் ஒன்று நீண்டது. அதுவும் போதவில்லை. பொறியாளர் பார்க்ஸின் திட்டப்படி, கரையிலிருந்து இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் போய்க் கிழக்கே வாசல் வைத்த செயற்கைத் துறைமுகத்துக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் சுவர்களைப் பெயர்த்துப் போட்டது. மீண்டும் கட்டிய பிறகு கிழக்கு வாசல் மணலால் தூரத் தொடங்கியது. 1904இல் பொறுப்பேற்ற சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் அதை அடைத்து, வாசலை வடகிழக்குக்கு மாற்றினார். துறைமுகம் உருப்படியானது அதன் பிறகுதான்.

முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கரைப் பீரங்கிகளின் பதில் குண்டுகள் கப்பலைத் தொடவில்லை. உயிரிழப்பு சிறிதுதான். ஆனால் பீதியில் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்தியது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியதும் சென்னை மறுபடி காலியானது. அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன.

விடுதலைக்குப் பின் 1964இல் ஜவஹர் டாக், 1970களில் பாரதி டாக், 1983இல் கன்டெய்னர் முனையம் எனத் துறைமுகம் விரிந்தது. கடலோரக் காவல்படையின் கிழக்கு மண்டலத் தலைமையகமும் சென்னையில் அமைந்தது.

இந்த வளர்ச்சியின் விலையைக் கொடுத்தது வடகரை. ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே மணல் வராததால் கடல் கரையை அரித்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை மணலும் குப்பங்களும் கடலுக்குப் போயின. கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்பி, தூண்டில் வளைவுகள் அமைத்துத்தான் கரையைக் காக்க முடிந்தது. லா பூர்தொனேயும் எம்டனும் செய்த சேதத்தை அந்தந்தத் தலைமுறையே சீர்செய்துவிட்டது. துறைமுகச் சுவரால் வந்த அரிப்பு நூறாண்டுக்கு மேலாகத் தொடர்கிறது.

2001இல் எண்ணூரிலும், அதற்குப் பின் காட்டுப்பள்ளியிலும் புதிய துறைமுகங்கள் வந்தன. காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்துக்கு 2022இல் அமெரிக்கக் கடற்படையின் சார்ல்ஸ் ட்ரூ என்ற கப்பல் பழுதுபார்ப்புக்காக வந்தது. அத்துறைமுகத்தை மேலும் விரிவாக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்க்கிறார்கள். ராயபுரத்தில் நடந்த அரிப்பு, காட்டுப்பள்ளிக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலும் நடக்கும் என்பது அவர்கள் வாதம்.