கடல் கடந்த சேவையும் வானம் பார்த்த பூமியும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பிரதேசத்து ஜனங்களுக்குக் கடல் கடந்து போவது புதிய சங்கதி அன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கங்காணிகளின் பின்னால் போன கூட்டத்தில், பழைய ராமநாதபுரம் சீமையின் வானம் பார்த்த பூமியிலிருந்து கிளம்பியவர்கள் திரளானோர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் எத்தனையோ குடும்பங்களை ஊரைவிட்டே கிளப்பிற்று. இன்றைக்கும் மழை பொய்த்த வருஷத்தில் வளைகுடா நாட்டுக்கு விசா தேடாத கிராமம் இந்தப் பக்கத்தில் அரிது. இவை யாவும் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த பிரயாணங்கள். கூலியை எதிர்பாராமல், அந்நிய தேசத்து ஏழை ஜனங்களுக்கு ஊழியம் செய்துவிட்டு வர வேண்டும் என்ற ஆசையோடு, படிப்பை முடித்த வாலிபர்களும் யுவதிகளும் இப்போது யோசனை கேட்டு வருகிறார்கள் என்றால், அது இந்த மண்ணின் சரித்திரத்தில் ஒரு புதிய அத்தியாயம் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால், அந்த ஆசையைக் காசாக்க ஒரு வியாபாரம் கிளம்பியிருக்கிறது. இத்தனை ஆயிரம் கட்டினால் இரண்டு வாரம் ஒரு தேசத்தில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம், திரும்பும்போது சான்றிதழ் உண்டு, மேல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கும்போது அது கைகொடுக்கும் என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். பிள்ளைகளின் முன்னேற்றத்தில் கண்ணாயிருக்கும் பெற்றோர்கள் கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டில் சேவை பெறுகிறவர் யார், சேவை செய்கிறவர் யார் என்பதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

சேவை பெறும் பக்கத்திலிருந்து பார்க்கும் சௌகரியம் நமக்கு உண்டு. திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வர்ணம் பூசியதை நான் நின்று பார்த்தேன். நல்ல பிள்ளைகள், வெயிலில் முகம் சிவக்கச் சிவக்கச் சிரத்தையோடு வேலை செய்தார்கள். காரை உதிர்ந்த சுவரைச் சுரண்டாமல், பட்டி பார்க்காமல், நேரே வர்ணத்தைத் தீற்றினார்கள். பள்ளிப் பிள்ளைகள் பாடத்தை விட்டு வரிசையில் நின்று பாட்டுப் பாடினார்கள். எதிரே வேப்பமரத்து நிழலில், வெள்ளையடிப்பதையே தொழிலாகக் கொண்ட இரண்டு பேர் அன்றைக்கு வேலை இல்லாமல் உட்கார்ந்து, பட்டி பார்க்காத சுவரைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஐப்பசி அடைமழையில் அந்த வர்ணம் பொருக்குப் பொருக்காக உரிந்துவிட்டது. வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. தெரியாத வேலையை, பாஷை அறியாத ஊரில், சொற்ப நாளில் செய்யும்படி அவர்களை அனுப்பி வைத்த ஏற்பாடுதான் குற்றமுடையது. அதே ஏற்பாட்டின்படி நம் பிள்ளைகள் இன்னொரு தேசத்துக்குப் போனால், அங்கேயும் இதே காட்சிதான் நடக்கும்.

1968-ஆம் வருஷம், மெக்ஸிகோவில் கோடை விடுமுறைச் சேவை செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களை நோக்கி இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர், உதவி செய்வதற்காக வராதீர்கள், கற்றுக்கொள்ள வேண்டுமானால் வாருங்கள் என்ற கருத்துப்படக் கடுமையாகவே பேசினார். அந்தக் கடுமைக்கு அவசியம் இருந்தது என்பதைப் பின்னால் நடந்தவை காட்டின. கம்போடியாவிலும் நேபாளத்திலும் வெளிநாட்டு இளைஞர்கள் சேவை செய்ய ஆசைப்பட்டு அநாதை விடுதிகளுக்குப் போகப் போக, விடுதிகள் பெருகின. அங்கே உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருக்கிறார் என்பது விசாரித்தபோது தெரியவந்தது. வருகிறவர்களின் கருணைக்காகவே குழந்தைகள் தாய் தகப்பனைப் பிரிந்து வாழ நேர்ந்தது எவ்வளவு பெரிய பாவம்!

இப்படிச் சொல்வதனால், அந்நிய தேசத்தில் ஊழியம் செய்வதே வீண் என்பது என் அபிப்பிராயம் அன்று. அப்படிச் சொன்னால் மதுரைச் சீமை பெற்ற பாக்கியத்தை மறந்தவனாவேன். ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் 1925-இல், இருபத்தேழு வயது வாலிபராக அமெரிக்க மதுரை மிஷனுக்கு வந்தார். வந்தவர் நம் ஜனங்களுக்குப் போதிப்பதைக் காட்டிலும் நம் ஜனங்களிடம் பாடம் கேட்பதையே தம் காரியமாகக் கொண்டார், கதர் உடுத்தினார், காந்தியடிகளின் வழியில் நின்றார், அதன் பலனாக ஆங்கிலேய அரசாங்கம் அவரை 1930-இலும் 1944-இலும் தேசத்தைவிட்டே வெளியேறச் செய்தது. இருமுறையும் திரும்பி வந்தார். பிற்காலத்தில் பூமிதான இயக்கத்தில் புகழ்பெற்ற எஸ். ஜகந்நாதன், கல்லூரிப் படிப்பை உதறிவிட்டு வந்த இளைஞராய் இருந்தபோது, கெய்த்தானோடு சேர்ந்து பெங்களூரின் ஏழைக் குடியிருப்புகளில் ஊழியம் செய்தவர். அயல்நாட்டான் ஒருவன் செய்யக்கூடிய உத்தமமான சேவை, உள்ளூரான் ஒருவனுடைய தோளோடு தோள் நின்று உழைத்து, பிறகு அவனை முன்னே விட்டுத் தான் பின்னே நிற்பதுதான். கெய்த்தான் அதைச் செய்தார்.

இன்னும் சமீபகாலத்து உதாரணம் ஒன்று, நமக்கு வெகு பக்கத்திலேயே இருக்கிறது. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் பதினோரு படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அக்காலத்தில் கண்புரை அறுவை செய்துகொண்ட நம் குடியானவர்கள், சோடாப் புட்டி அடி போன்ற கண்ணாடியை மூக்கில் சுமந்துகொண்டு, வரப்பு எது வாய்க்கால் எது என்று தடுமாறி நடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணுக்குள்ளேயே வைத்துவிடும் செயற்கை லென்ஸ் மேல்நாடுகளில் வந்துவிட்டது. ஆனால் ஒன்றின் விலை நூறு டாலருக்கு மேல். சேவா என்ற அமெரிக்க ஸ்தாபனத்தின் மூலம் வந்த டேவிட் கிரீன் என்ற இளைஞர், அந்த லென்ஸுகளை நன்கொடையாகத் திரட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எத்தனை காலம் பிச்சையாகப் பெற்றுக்கொண்டிருப்பது, இங்கேயே செய்தால் என்ன என்ற கேள்வி பிறந்தது. அவரும் மருத்துவமனையாரும் சேர்ந்து முயன்றதன் பலனாக, 1992-இல் மதுரையில் அரோலாப் தொழிற்சாலை எழுந்தது. லென்ஸின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கிற்று. கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்றுச் செய்யும் அந்தச் சிறு வில்லை, இப்போது நூற்றுக்கு மேற்பட்ட தேசங்களுக்குப் போகிறது.

இந்த இரண்டு உதாரணங்களிலும் நான் கவனிப்பது ஒரே விஷயந்தான். வந்தவர் உள்ளூராரின் தலைமைக்குக் கட்டுப்பட்டார். வருஷக்கணக்கில் ஒரே காரியத்தில் நிலைத்தார். இவ்விரண்டுக்கும் சித்தமில்லாத வாலிபர் உல்லாசப் பிரயாணியாகவே போய்வரட்டும். அதில் யாருக்கும் தீங்கில்லை.

அப்படியானால் நம் வறண்ட காட்டுப் பிள்ளைகள் எந்த யோக்கியதையை எடுத்துக்கொண்டு போவது என்று கேட்கலாம். அவர்களிடம் உள்ள யோக்கியதையை அவர்களே அறியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கண்மாயின் மடையை எப்போது திறப்பது, கடைமடைக்காரனுக்கு நீர் எப்படிப் போய்ச் சேருவது, கலுங்கு வழிந்தால் அந்த நீர் எந்தக் கண்மாய்க்குச் சொந்தம் என்பதையெல்லாம் எழுதாத சட்டமாக வைத்திருக்கும் ஊர்கள் இவை. குதிரைவாலியை எந்த ஈரத்தில் விதைப்பது என்பதைக் கைப்பிடி மண்ணை நசுக்கிப் பார்த்துச் சொல்லும் கிழவிகள் இங்கே இருக்கிறார்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, தழை போட்டு, ஈரமண் பூசிக் கரிமூட்டம் போடுகிறவர், இரவு பகலாக அதன் பக்கத்திலேயே கிடந்து, வெள்ளையாய்க் குமையும் புகை மெலிந்து நீலம் பாரிக்கும் வரையில் காத்திருந்து, மூட்டம் எங்கே உள்வாங்குகிறதோ அங்கே உடனே மண் அப்பி அடைக்கும் சாமர்த்தியத்தைப் புத்தகம் படித்துப் பெறவில்லை.

இதே சீமைக்கருவேல மரம் கென்யாவின் பாரிங்கோ பிரதேசத்தையும் ஆக்கிரமித்துக் கிடக்கிறது. 1980-களில் நல்லெண்ணத்தோடு அங்கே நடப்பட்ட அந்த மரத்தின் இனிப்புக் காயைத் தின்று ஆடுகள் பல்லிழந்தன என்று முறையிட்ட ஜனங்கள், 2006-இல் பல் போன ஆடு ஒன்றையே நைரோபி நீதிமன்றத்துக்குச் சாட்சியாகக் கொண்டுபோனார்கள். அங்கேயும் இப்போது அதை வெட்டிக் கரி சுடுகிறார்கள். நம் மூட்டக்காரரின் மகன் ஒருவன், கொஞ்சம் தாவர சாஸ்திரமும் படித்தவனாய், அந்த ஊரில் இரண்டு வருஷம் தங்கினால், பேச ஆயிரம் விஷயம் இருக்கும்.

அவன் கற்றுக்கொண்டு வரவேண்டியதும் உண்டு. அதே தேசத்தின் கிடூயி பகுதியில், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறுகளின் குறுக்கே ஜனங்கள் சிறு கற்சுவர்களை எழுப்புகிறார்கள். வெள்ளம் கொண்டுவரும் பெருமணல் சுவருக்குப் பின்னால் தேங்குகிறது. மணலின் இடுக்குகளில் நீர் தங்குகிறது. மேலே மணல் மூடியிருப்பதால் வெயில் அதைக் குடித்துவிட முடிவதில்லை. கோடையில் அந்த மணலைத் தோண்டி நீர் எடுக்கிறார்கள். நம் பாட்டிமார் குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிறைத்தது இதே தத்துவந்தான். அவர்கள் மணலைச் சேர்த்து வைக்கிறார்கள். நாமோ லாரி லாரியாக அள்ளி விற்றுவிட்டு, தண்ணீர் வண்டிக்காகக் குடத்தோடு தெருவில் நிற்கிறோம். கிடூயியில் ஒரு கோடை இருந்து திரும்பும் பிள்ளை, குண்டாற்றை அதன்பின் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். உள்ளூரிலேயே துன்பம் மலிந்திருக்க வெளியூருக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்கிற பெரியவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுவே.

பணக்கார வீட்டுப் பிள்ளைகளால் மட்டுமே இது முடியும் என்ற நிலை நீடிக்கக் கூடாது. வறண்ட காட்டு வாலிபன் ஒருவன் இரண்டு வருஷம் சம்பாதிக்காமல் இருந்தால், அக்காளின் கல்யாணக் கடன் வட்டியோடு வளரும். மகளை அனுப்பத் தயங்கும் தாய்க்கோ, அவள் தங்குமிடத்துக்கும் பத்திரத்துக்கும் பொறுப்பேற்கும் ஒரு ஸ்தாபனம் வேண்டும். 1961-இல் அமெரிக்கா தொடங்கிய அமைதிப் படையும், 1970-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்படுத்திய தொண்டர் திட்டமும், போகிறவருக்கு ஜீவனத்துக்கான படி கொடுத்தே அனுப்புகின்றன. நம் நாட்டு நலப்பணித் திட்டமோ, 1969-இல் காந்தி நூற்றாண்டில் பிறந்த அருமையான ஏற்பாடாயினும், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரமும் ஒரு முகாமும் முடிந்ததும் மாணவனைக் கல்லூரி வாசலிலேயே விட்டுவிடுகிறது.

அதற்கு மேலே ஒரு படியைத் தமிழக அரசு கட்டவேண்டும். விவசாயப் பட்டதாரிகள், செவிலியர், ஐ.டி.ஐ. முடித்தவர் ஆகியோரில் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, முதல் வருஷம் உள்ளூரில் ஒரு கண்மாய்க் கிராமத்தில் ஆடி விதைப்பு முதல் மாசி அறுவடை வரை பயிற்சி. அதன் பின்னர், கேட்டு அழைக்கிற தேசத்துக்கு மட்டும் இரண்டு வருஷ ஊழியம். மூன்று வருஷமும் குடும்பத்துக்குக் குறைவில்லாத படி. திரும்பியபின் அரசுப் பணியில் அந்தக் காலத்துக்கு அநுபவ மதிப்பு. கோவிலாங்குளத்தில் விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அருப்புக்கோட்டையில் கல்லூரிகள் இருக்கின்றன. சுற்றிலும் கண்மாய்கள் இருக்கின்றன. பத்துப் பேரைக் கொண்டு வருகிற ஆடியிலேயே தொடங்கிவிடலாம்.